சொன்ன விலைக்கு வாங்காதவள்

என் எழுத்தைப் பார்த்து யாரும் கோபப்படக் கூடாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றும் சந்தேகம்தான். வரிகள் நேராகத் தொடங்கி, சரிவில் போட்ட பாத்தி மாதிரி கீழே இறங்கிவிடுகின்றன. பிழை இருந்தால் வாசிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். நேரில் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

அக்காவின் பெயரை எழுதவில்லை. கூடப் பிறந்த அக்கா இல்லை. ஆயக்குடிக்காரி. கொய்யாப்பழம் விற்கத் தொடங்கி, பிறகு மலையேறி வந்து பேரி மரங்களைக் குத்தகைக்குப் பிடித்தவள். பேத்துப்பாறையில் நான் காவல் இருந்த தோட்டத்தை வருஷா வருஷம் அவள்தான் பிடிப்பாள். பெயரை எழுதினால், "எம் பேரைச் சும்மாவா குடுத்தே? பதிலுக்கு என்னலே வாங்குனே?" என்று கேட்கக்கூடிய ஆள். இப்போது இல்லை. இருந்தாலும் அந்தப் பயம் போகவில்லை.

எங்கள் பக்கம் பேரிக்காயைப் பூவிலேயே விலை பேசிவிடுவார்கள். மாசியில் மரம் வெள்ளையாகப் பூத்து நிற்கும். அதைப் பார்த்து ஆடி, ஆவணியில் எத்தனை பெட்டி இறங்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுத் தோட்டக்காரருக்கு ஒரு தொகை சொல்ல வேண்டும். அதற்கப்புறம் ஆலங்கட்டி விழுந்தாலும், காற்று அடித்துப் பிஞ்சு உதிர்ந்தாலும் பிடித்தவர் பாடு. காயாகும் வரைக்கும் பொறுத்து வாங்கினால் நஷ்டம் வராது, ஆனால் விலை ஏறிவிடும். இந்தப் பேச்சில் அக்காவை மிஞ்ச மலையில் ஆள் இல்லை. ஒரு மரத்தைச் சுற்றிவந்து, "மேல்கெளையில பூ கருகிக் கெடக்கு, கீழ்கெளை நெழலு, மிச்சம் என்ன இருக்கு?" என்பாள். அவள் பேசி முடிக்கும்போது அந்த மரம் தோட்டக்காரர் கண்ணுக்கே பட்ட மரமாகத் தெரியும்.

தோட்டத்தில் மட்டும் இல்லை. எதையும் அவள் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. விலை படிந்த பிறகும் கையை நீட்டிக்கொண்டே நிற்பாள், கொசுறு வேண்டும். காய் வாங்கினால் கறிவேப்பிலை, துணி வாங்கினால் பட்டன். பழனி மலையில் சாமியிடமும் அப்படித்தான். "மொட்டை போடுறேன், ஆனா காய் எறங்கின பொறவு. முன்பணமெல்லாம் கேக்காதே" என்று சத்தமாகவே சொல்லிவிட்டுப் படி இறங்குவாள்.

எனக்குக் கன்னிவாடியில் பெண் பார்த்தபோது பேச வந்தவள் அவள்தான். நான் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன். பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளை வாயே தொறக்க மாட்டாரா?" என்று கேட்டார்.

"வாய்க்கு நான் இருக்கேன். வேலைக்கு அவன் இருக்கான். உங்களுக்கு எது வேணும்?" என்றாள் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் ஆவணியில் கல்யாணம் வைக்கலாம் என்றார்கள். ஆவணியில் பேரி இறங்குகிற சோலி இருக்கிறது என்று பேசிப் பேசி முன்னால் வைகாசிக்கே இழுத்துவிட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாள்: "உனக்கு நல்ல பொண்ணுலே. இன்னும் கொஞ்சம் பேசியிருந்தா கொசுறா ஒரு கன்னுக்குட்டியும் குடுத்திருப்பாங்க."

அவள் கை ஆட ஆரம்பித்தது அதற்கடுத்த வருஷம்.

வலது கை. சும்மா மடியில் கிடக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவது மாதிரி அசைந்துகொண்டே இருக்கும். வேறு யாருக்காவது வந்திருந்தால் வியாதியோடு போயிருக்கும். அக்காவுக்கு அது வியாபாரத்தையும் கெடுத்தது. விலை பேசுகிறவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், கையைத்தான் பார்ப்பார்கள். கை நடுங்கினால் இந்தச் சரக்கு எப்படியாவது வேண்டும் என்று தவிக்கிற ஆள் என்று அர்த்தம். தோட்டக்காரர் அவள் கையைப் பார்த்துவிட்டு விலையை ஏற்றினார். அடுத்த முறை அக்கா கையைத் தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு பேசினாள்.

"என்னக்கா, கை வலிக்கலையா?" என்று கேட்டேன்.

"வலிக்கத்தான் செய்யுது. வாய் ஒண்ணு சொன்னா கை வேற ஒண்ணு சொல்லுதுலே. என் சரக்கை என் கையே காட்டிக் குடுக்குது."

பிறகு நடை சுருங்கியது. சிரித்தாலும் முகத்தில் சிரிப்பு தெரியவில்லை. நடுக்குவாதம் என்றார்கள் இங்கே. மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அக்காவுக்குப் பழனியில் கட்டிக்கொடுத்த ஒரே மகள். அவள் கைக்குழந்தைக்காரி. அதனால் கூடப் போகிற சோலி எனக்கு வந்தது. அந்தப் பயணங்களை நினைத்தாலே இப்போதும் முதுகு வலிக்கிறது. மலையிலிருந்து இறங்கி, ரயில் பிடித்து, எழும்பூரில் இறங்கி, பஸ்ஸில் நின்று, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சுவரில் சாய்ந்து காத்திருக்க வேண்டும். பெயரைக் கூப்பிடும்போது அக்காவின் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். நான் முதுகில் லேசாகத் தட்டினால்தான் முதல் அடி கிளம்பும்.

டாக்டர் பொறுமையான மனிதர். இது பார்க்கின்சன் வியாதி, தீராது, ஆனால் புதிதாக ஒரு மாத்திரை வந்திருக்கிறது, சாப்பிட்டால் ஓரளவு அடங்கும் என்றார்.

"தீராதுன்னா முழு வெலை எதுக்குங்க?" என்றாள் அக்கா.

டாக்டர் சிரித்தார். மாத்திரை குமட்டியது, வாந்தி வந்தது. பொறுத்துக்கொண்டாள். ஒரு மாசத்தில் கை நின்றது. அந்த மாசி, கையை மடியில் வெளிப்படையாக வைத்துக்கொண்டு தோட்டம் பேசினாள். ஆனால் அடுத்த மழைக்குள் மாத்திரை வேலை செய்யாமல் போனது. எத்தனை போட்டாலும் பழைய ஆட்டம்தான். மறுபடி மெட்ராஸ்.

டாக்டர் முகம் மாறிவிட்டது. "மாத்திரை கேக்கலைன்னா ஆபரேஷன்தாம்மா. தலையில சின்னதா ஒரு துளை போட்டு, உள்ளே நடுக்கத்தை உண்டாக்கற இடத்தைச் சுட்டுடணும். ஒரு பக்கம் செய்யலாம். வலது கை நிக்கும்" என்று சொல்லிக்கொண்டே சீட்டு எழுதத் தொடங்கினார்.

அக்கா பழைய சீட்டைக் கொடுப்பதற்காக இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். கை ஆடியதில் பை நழுவியது. வெற்றிலையும் சில்லறையும் கொட்டின. அவற்றோடு சிவப்பு சிவப்பாகச் சில மாத்திரைகளும் மேசைமேல் உருண்டன. டாக்டர் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"அது கொசுறுங்க."

"கொசுறா?"

"உங்க மாத்திரை வாங்குறேன்ல, அந்த மருந்துக் கடைக்காரன் சும்மா ஒண்ணும் தர மாட்டேன்னான். விடுவேனா? சத்து மாத்திரைன்னு தந்தான். உங்களுது ஒண்ணு போட்டா இதுவும் ஒண்ணு போடுவேன்."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். சத்து மாத்திரையில் உள்ள ஒரு வைட்டமின், அவர் கொடுக்கிற மருந்து மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் அதை வழியிலேயே செலவழித்துவிடும் என்று எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "வேற எந்த மருந்தும் கூடாதுன்னு அன்னைக்கே சொன்னேனே?"

"மருந்துதான் கூடாதுன்னீங்க. இது சத்துதானுங்களே!"

அக்கா மேசைமேல் கிடந்த மாத்திரைகளைப் பார்த்துச் சொன்னாள்: "காசு குடுத்து வாங்குனதை ஓசியில வாங்குனது தின்னுருச்சு." டாக்டர் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தாள் என்று நினைக்கிறேன். முகத்தில் தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

கொசுறை நிறுத்தியதும் மாத்திரை திரும்ப வேலை செய்தது. ரொம்பவே செய்தது. போட்ட கொஞ்ச நேரத்தில் கை நடுக்கம் நிற்கும், பதிலுக்குக் கழுத்தும் தோளும் இடுப்பும் தானாக முறுக்கிக்கொண்டு ஆடும். மாத்திரையின் வேகம் இறங்கியதும் கட்டை மாதிரி உறைந்துபோவாள். இரண்டுக்கும் நடுவில் நல்ல நேரம் என்று ஒரு துண்டு இருக்கும். அந்தத் துண்டுக்குள் வியாபாரம், குளியல், சாப்பாடு எல்லாம் முடிய வேண்டும். மாத்திரையைப் பாதியாக உடைத்தாள், கால்வாசியாக உடைத்தாள், நேரத்தை மாற்றிப் போட்டுப் பார்த்தாள். "ஒரு மணி நேரம் நல்லா இருக்கதுக்கு ஒரு மணி நேரம் ஆடச் சொல்லுதுலே. அநியாய வட்டி" என்றாள்.

ஒருநாள் பழனி பஸ் நிலையத்தில் அவள் ஆடிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, சாமி வந்திருக்கிறது என்று நினைத்து ஒரு அம்மாள் காலில் விழுந்துவிட்டாள். "ஆத்தா, எம் மகனுக்கு வேலை கெடைக்குமா?"

அக்கா ஆட்டத்தினூடே குனிந்து பார்த்தாள். "கெடைக்கும். என்ன தருவே?"

அந்த அம்மாள் பூசணிக்காய் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பஸ் ஏறிய பிறகு அக்காவைப் பார்த்தேன். பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தாள். "அசந்து வருதுலே" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்து வந்த மாசியில்தான் அது நடந்தது. தோட்டக்காரர் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். அக்கா எதிரே. நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். அவள் ஒரு தொகை சொன்னாள். அவர் யோசித்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா அவருக்குப் பின்னால் பார்த்து, தானே தொகையை ஏற்றினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஏற்றினாள். நான் திகைத்துப்போனேன். அவள் வாழ்நாளில் செய்யாத காரியம்.

"ஏம்மா, நான் ஒண்ணும் கேக்கலையே?" என்றார் தோட்டக்காரர்.

"நீங்க கேக்கலை. அவரு கேக்காருல்ல? அவரு என்ன கேட்டாலும் அதுக்கு மேல நான்."

"எவரு?"

"உங்க பின்னால நிக்காரே, பச்சைத் துண்டு போட்டவரு."

அவருக்குப் பின்னால் பேரி மரங்கள்தான் நின்றன. அவர் என்னைப் பார்த்தார். யாரும் இல்லை என்று நான் தலையை ஆட்டினேன். நல்ல மனிதர் அவர். "முதல்ல சொன்னதுக்கே எடுத்துக்கோம்மா" என்று எழுந்துபோனார்.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. சாயங்காலம் சொன்னாள்: "பாவம் பாத்து வெலையைக் குறைச்சுட்டாரு. நான் பேசிக் குறைச்சது இல்லை இது. இந்த வருஷக் காய் எனக்குக் கசக்கும்லே."

மறுபடி மெட்ராஸ் போனபோது டாக்டர் விளக்கமாகவே சொன்னார். அந்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியது மாத்திரைதான். குறைத்தால் அந்த ஆள் போய்விடுவான், கை நடுக்கம் வந்துவிடும். ஆபரேஷன் செய்தால் வலது கை நிற்கும், மாத்திரையைப் பாதியாகக் குறைக்கலாம். ஆனால் நடை அப்படியேதான் இருக்கும். குரல் தணிந்துபோகலாம், வார்த்தை குழறலாம். ஒரு பக்கம் கை கால் விழுந்துவிடுகிறவர்களும் உண்டு. எழுந்திருக்காமலே போகிறவர்களும் உண்டு. எதையும் மறைக்கவில்லை அவர். "அவசரமில்லைம்மா, வீட்ல பேசிட்டு வாங்க" என்றார்.

பழனியில் மகள் வீட்டில் ஒரு வாரம் பேசினோம். அவர்கள் பேசினார்கள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வேணாம்மா" என்றாள் மகள். "மாத்திரைன்னா வேணாம்னா நிறுத்திக்கலாம். தலையில ஓட்டையைப் போட்டுட்டு அடைக்க முடியுமா? வாய் போயிட்டா அப்புறம் நீ யாரும்மா?"

"வாய் வச்சுக்கிட்டு என்னத்தடி செய்ய? இல்லாதவன் கூடப் போட்டி போட்டுக்கிட்டு நிக்கேன்."

"அது என்னைக்கோ ஒருநாள்."

"தெனமும் வாரான். உங்கிட்ட சொல்லலை. சில நாள் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வாரான்."

மகள் அழுதாள். அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ என்னலே சொல்லுதே?"

"பயமா இருக்குக்கா" என்றேன்.

"பயம் வெலைக்கு மேலதான் இருக்கும். அதை விடு." அவள் மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "கண்ணு பொய் சொன்னா நான் யாரை நம்பி வெலை பேச? வாய் போனா இன்னொருத்தன் வாயை இரவல் வாங்கிக்கலாம். கண்ணை வாங்க முடியாது."

ஆபரேஷனுக்கு மொட்டை அடிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, "முருகனுக்குச் சொன்னதை உங்களுக்கு எப்படிங்க குடுக்க?" என்று கொஞ்ச நேரம் தகராறு செய்தாள். டாக்டர் பாதித் தலை போதும் என்று இறங்கிவந்தார். அவள் பேசி ஜெயித்த கடைசிப் பேரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

உள்ளே நடந்ததை அவள்தான் பிறகு சொன்னாள். மயக்கம் கொடுக்கவில்லையாம். தலையில் இரும்பு வளையம் மாட்டி முடுக்கினார்களாம். மரத்தைக் குடைகிற மாதிரி சத்தம் கேட்டதாம். டாக்டர் கையைத் தூக்கச் சொல்லி, கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாராம். "ஒரு நிமிசத்துல கை நின்னுபோச்சுலே. வெளக்கை அணைச்ச மாதிரி. 'போதும், அங்கேயே நிறுத்துங்க, மேல போகாதீங்க'ன்னேன்."

இதை அவள் சொன்னபோது என் காதை அவள் வாய்க்குப் பக்கத்தில் வைத்துத்தான் கேட்டேன். குரல் அப்படித் தணிந்துவிட்டது. ஊர்ப் பஸ்ஸையே நிறுத்துகிற குரல், வாய்க்கு வெளியே வந்ததும் உட்கார்ந்துகொண்டது. வந்த வார்த்தைகளும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து வந்தன. பச்சைத் துண்டுக்காரன் மட்டும் அதற்குப் பிறகு வரவில்லை.

மாசி வந்தது. தோட்டக்காரர் முன்னால் அக்காவோடு நானும் உட்கார்ந்தேன். அவள் என் காதில் ஒரு தொகை சொன்னாள். நான் அதைச் சொல்ல வேண்டும். சொன்னேன். தோட்டக்காரர் காதில் விழவில்லை. "சத்தமா சொல்லுப்பா" என்றார். மேல்கிளையில் பூ கருகிவிட்டது, கீழ்கிளை நிழல் என்று அவள் சொன்னதையெல்லாம் சொன்னேன். எனக்கே நம்பிக்கை இல்லாத குரலில் சொன்னேன். அவர் ஒரு தொகை கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. "சரிங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. அக்காவின் வலது கை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிடுக்கி மாதிரிப் பிடித்திருந்தன. கொஞ்சமும் ஆடவில்லை.

"கட்டாதுங்க" என்றேன்.

அப்படியே ஆறேழு மாசிகள் ஓடின. நான் நன்றாகப் பேசினேன் என்று சொல்ல மாட்டேன். அவள் பேசியிருந்தால் கிடைத்திருக்கும் விலை எனக்கு ஒரு வருஷமும் கிடைக்கவில்லை. தொடையில் கன்றிப்போன தடம்தான் மிச்சம். என் வீட்டுக்காரி அதைப் பார்த்து, "உங்க அக்கா உங்களை வித்துத் தொலைச்சா தேவலை" என்பாள்.

பிறகு இடது கை ஆட ஆரம்பித்தது. மாத்திரையைக் கூட்டினால் உடம்பு முறுக்கியது, இல்லாத ஆட்கள் திரும்ப எட்டிப் பார்த்தார்கள். மறுபடி ரயில், மறுபடி எழும்பூர், அதே தாழ்வாரம். எனக்கும் நரைத்துவிட்டது. டாக்டருக்கும்தான்.

அவர் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அடுத்த பக்கமும் செய்யலாம்மா. இடது கை நிக்கும். ஆனா ரெண்டு பக்கமும் செஞ்சா மிச்சம் இருக்கற குரலும் போகத்தான் அதிக வாய்ப்பு. முழுங்கறதுகூடக் கஷ்டமாகலாம்."

அக்கா என்னை இழுத்துக் காதில் சொன்னாள். நான் கேட்டேன்: "கொஞ்சமா சுட முடியாதான்னு கேக்காங்க. கை பாதி நின்னா போதுமாம்."

"அப்படிப் பாதியா நிறுத்த முடியாதுப்பா."

மறுபடி காதில் சொன்னாள். "இன்னும் ரெண்டு வருசம் பொறுத்துச் செஞ்சா, குரல் போகாம செய்ய வழி வருமான்னு கேக்காங்க."

"வரலாம். என்னால வாக்குக் கொடுக்க முடியாது. இன்னைக்கு என்னால முடிஞ்சது இதுதாம்மா. இதுக்குக் கீழ எதுவும் இல்லை."

அக்கா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். அவருடைய கைகளைப் பார்த்தாள். பிறகு வலது கையால் மேசையைப் பிடித்து எழுந்தாள். கும்பிட்டாள். திரும்பி நடந்தாள். நான் முதுகில் தட்ட வேண்டியிருக்கவில்லை.

விலை படியாதபோது எழுந்து போவது எந்த வியாபாரிக்கும் உள்ள பழக்கம்தான். வாசலைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிடும். அவள் சின்னச் சின்ன அடியாக வைத்து வாசலுக்குப் போய்ச் சேரவே வெகுநேரம் பிடித்தது. நிலைப்படியில் நின்றாள். கால் ஒட்டிக்கொண்டதாக்கும் என்று நினைத்துத் தட்டப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். உள்ளே டாக்டர் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார். ஒரு கிழவரைத் தாங்கிப் பிடித்து எங்களைத் தாண்டி உள்ளே கொண்டுபோனார்கள்.

அக்கா என் காதை இழுத்தாள்.

"கூப்பிட்டாராலே?"

"இல்லக்கா."

"அப்ப நெசமான வெலையத்தான் சொல்லியிருக்காரு" என்றாள். "வெரசா நட. ரயிலுக்கு நேரமாச்சு."

பேத்துப்பாறை,
1989 பிப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை.